ஒரே குற்றம், இரண்டு தீர்ப்பு

அமெரிக்காவில் ஜீப்பைக் காட்டுக்குள் ஓட்டிப் பழகியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் மேற்கே ரூபிகான், கிழக்கே டெலிகோ என்று இரண்டு பெயர்கள் வரும். ரூபிகானைப் பற்றிப் பேசும்போது அடுத்த கோடைக்குப் போகவேண்டும் என்பார்கள். டெலிகோவைப் பற்றி இறந்தகாலத்தில்தான் பேசமுடியும். வட கரோலைனா மாநிலத்தின் நந்தஹாலா தேசியக் காட்டில் இருந்த மேல் டெலிகோ வாகனத் தடங்களை அமெரிக்க வனத்துறை 2009 அக்டோபரில் நிரந்தரமாக மூடிவிட்டது. அதற்கு ஆறு மாதம் முன்பு, அதே ஆண்டு ஏப்ரலில், கலிபோர்னியாவில் ரூபிகான் தடத்தின் மீதும் ஓர் ஆணை பாய்ந்தது. குற்றச்சாட்டின் முதல் வரி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: வண்டிச் சக்கரம் கிளறிய மண் மழையோடு இறங்கி ஓடையைக் கெடுக்கிறது. டெலிகோவில் தடமே போயிற்று. ரூபிகானில் இன்றும் வண்டி ஓடுகிறது.

இதற்கு எளிதான விளக்கம் ஒன்று உண்டு. ஓரிடத்தில் சுற்றுச்சூழல் அமைப்புகளின் கை ஓங்கியது, இன்னோரிடத்தில் வண்டிக்காரர்களின் கை ஓங்கியது என்பது அது. இரு தரப்புக்கும் அது பிடித்தமான விளக்கம். ஒருவர் தோல்வியை மற்றவர் சதி என்று சொல்லிக்கொள்ள வசதி. எனக்கு அது போதவில்லை. நிலத்தின் தன்மை என்ன, பாதை யாருடையது, மண்வெட்டியை எடுக்கவேண்டியவர் யார் என்ற மூன்றையும் அருகருகே வைத்தால் முடிவு எங்கே எழுதப்பட்டது என்பது தெரிகிறது. முழக்கங்களுக்கு அதில் பங்கு மிகக் குறைவு.

சட்டம் இரண்டு இடத்துக்கும் பொதுவானது, ஆகவே அதை விரைவாகக் கடந்துவிடலாம். 1972-இல் அதிபர் நிக்சன் ஓர் ஆணை பிறப்பித்தார். கூட்டாட்சி அரசின் நிலங்களில் சாலை விட்டு ஓடும் வண்டிகளுக்குத் தடங்களைக் குறித்துக் கொடுக்கவேண்டும், குறிக்கும்போது மண்ணுக்கும் நீர்ப்பிடிப்புக்கும் காட்டுயிருக்கும் கேடு குறைவாக இருக்கும்படி பார்க்கவேண்டும் என்றது அது. 1977-இல் கார்ட்டர் அதற்குப் பல் பொருத்தினார்: கேடு கணிசமாக இருந்தால் அந்தத் தடத்தை உடனே மூடு. வெகுகாலம் இரண்டும் காகிதத்தில் தூங்கின. புதுநூற்றாண்டின் தொடக்கத்தில் வனத்துறைத் தலைவராக இருந்த டேல் பாஸ்வர்த், தேசியக் காடுகளை அச்சுறுத்தும் நான்கு ஆபத்துகளைப் பட்டியலிட்டபோது காட்டுத்தீ, அயல் இனங்கள், திறந்த நிலம் சுருங்குதல் ஆகியவற்றோடு கட்டுப்பாடற்ற பொழுதுபோக்கையும் சேர்த்தார். 2005-இல் புதிய பயண விதி வந்தது. அதுவரை பல காடுகளில் தடை எழுதாத இடமெல்லாம் ஓடலாம் என்றிருந்தது. இனி வரைபடத்தில் குறித்த தடத்தில் மட்டுமே ஓடலாம் என்று தலைகீழாயிற்று. 19 கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட தேசியக் காடுகளில் ஒவ்வொரு வண்டித்தடத்தையும் எண்ணி, இதை வைத்துக்கொள்வதா விடுவதா என்று முடிவு செய்யவேண்டிய கட்டாயம் அப்போதுதான் பிறந்தது.

இனி நிலத்துக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் முன்னால் பேசவேண்டியது அதுதான்.

ரூபிகான் தடம் சியரா நெவாடா மலையில், ஜார்ஜ்டவுன் என்ற பழைய தங்கவேட்டை ஊரின் பக்கமிருந்து கிழக்கே டாஹோ ஏரியை நோக்கிப் போகிறது. நீளம் சுமார் 35 கிலோமீட்டர். கடினமான பகுதி முழுவதும் ஐயாயிரத்துச் சொச்சம் அடியிலிருந்து ஏழாயிரம் அடி வரையிலான உயரத்தில் கிடக்கிறது. பழங்காலப் பனியாறுகள் இழைத்துவிட்டுப் போன கிரானைட் பாறை அது. அகன்ற வழுக்குப் பாறை, அதன்மேல் ஆள் உயரக் குண்டுக்கற்கள், இடுக்குகளில் மட்டும் கொஞ்சம் மண். அந்த ஊர் மழை பெரும்பாலும் குளிர்காலத்தில், அதுவும் பனியாகப் பெய்கிறது. பனி கிடக்கும் மாதங்களில் தடம் தானே அடைந்துகொள்ளும். வண்டிகள் வரும் கோடையில் மண் காய்ந்திருக்கும். ஓட்டும் காலமும் மழைக்காலமும் பெரும்பாலும் சந்திப்பதில்லை.

டெலிகோவில் இயற்கை இந்தச் சலுகை எதையும் கொடுக்கவில்லை. வட கரோலைனாவின் மேற்கு மூலையில், டென்னசி மாநில எல்லையை ஒட்டி, தெற்கு அப்பலேச்சிய மலைகளில் டெலிகோ ஆறு பிறக்கிறது. அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் மழை மிகுந்த பகுதிகளில் அதுவும் ஒன்று. கோடை இடிமழை, குளிர்கால மழை என்று ஆண்டு முழுவதும் பெய்யும். பாறைக்கு மேல் மண் ஆழமாகப் போர்த்திய செங்குத்தான சரிவுகள். குளிர்காலத்தில் இரவு உறைந்து பகலில் இளகும் மண் பொலபொலவென்று உதிரும். அந்த நேரத்தில் அதன்மேல் நான்கு சக்கரமும் சுழலும் வண்டி ஏறினால் தடம் வாய்க்கால் ஆகிவிடும். அடுத்த மழை அந்த வாய்க்காலை ஆழமாக்கும். டெலிகோவில் சில தடங்கள் ஆள் உயரத்துக்கு அரிக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ 8,000 ஏக்கரில் 63 கிலோமீட்டர் தடம். பலவும் ஒருகாலத்தில் மரம் வெட்டி இழுத்த பாதைகள். யாரோ ஒரு பொறியாளர் மழைநீர் எங்கே போகும் என்று யோசித்துப் போட்டவை அல்ல அவை. கீழே ஓடைக்கு மிகக் குறுகிய வழி எதுவோ அதுவே பாதை.

அந்த ஓடைகளில் ப்ரூக் ட்ரௌட் என்ற மீன் இருக்கிறது. தெற்கு அப்பலேச்சியத்துக்குப் பூர்வீகமான ட்ரௌட் அது ஒன்றுதான். மற்ற வகைகள் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டவை. இலையுதிர் காலத்தில் பெண்மீன் ஓடையடிச் சரளைக் கற்களைக் கிளறி அவற்றின் நடுவே முட்டையிடும். குளிர்காலம் முழுவதும் கற்களின் இடுக்கு வழியே ஓடும் குளிர்ந்த நீர்தான் முட்டைக்கு மூச்சு. வண்டல் வந்து இடுக்கை அடைத்தால் முட்டை மூச்சடைத்துச் சாகும். பெரிய மீன் செத்து மிதந்தால் ஊர் கூடும். இது கண்ணில் படாத சாவு. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து ஓடையில் குஞ்சு குறைந்திருக்கிறது என்று யாராவது கவனித்தால்தான் உண்டு. டெலிகோவில் கவனிப்பவர்கள் இருந்தார்கள், ஆற்றின் கீழே டென்னசியில். மேல்மடைக்காரர் வட கரோலைனாவில் ஜீப் ஓட்டினார், கீழ்மடைக்காரர் டென்னசியில் தூண்டில் போட்டார். தமிழ் வாசகருக்கு இந்தச் சண்டையின் அமைப்பை அதற்கு மேல் விளக்கவேண்டியதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். வண்டிக்காரர்கள் தேடுவதும் மண்ணரிப்பு கொடுப்பதும் ஒன்றே. சமமான பாதையில் யாருக்கும் சுவாரசியம் இல்லை. பள்ளம் ஆழமானால், வேர் வெளியே துருத்தினால், பாறை அம்மணமானால் அந்தத் தடத்துக்குப் பெயர் கூடும், தூரத்து மாநிலங்களிலிருந்து ஆள் வரும். டெலிகோ கெடக் கெடப் புகழ் பெற்றது. பழுது பார்த்தால் வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள், பார்க்காவிட்டால் ஓடை சாகும். கல்லால் ஆன ரூபிகானில் இந்த முரண் இவ்வளவு கூர்மையாக இல்லை. அங்கே கடினம் என்பது பாறையின் குணம். அது அரிப்பால் விளைந்ததல்ல.

அதற்காக ரூபிகான் சுத்தம் என்று எண்ணிவிடக்கூடாது. அதன் அழுக்கு வேறு வகை. கிரானைட் மண்ணரிப்பைக் குறைக்கும், ஆனால் கழிப்பதற்குக் குழி தோண்ட விடாது. கோடை வார இறுதிகளில் கூட்டங்கூட்டமாக வந்து ஏரிக்கரைகளில் கூடாரம் போட்டவர்களின் மலம் பாறைமேலும் மெல்லிய மண்ணிலும் கிடந்தது. ஸ்பைடர் ஏரிப் பக்கம் இது முற்றிப்போய், 2004-இல் அந்தக் கரையில் முகாம் போடுவதையே தடை செய்தார்கள். பாறையில் மோதி அச்சும் பல்சக்கரப் பெட்டியும் உடைந்த வண்டிகள் எண்ணெயைக் கொட்டின. கடினமான இடத்தைச் சுற்றிப் போகிறவர்கள் பக்கவாட்டில் புதுத்தடம் போட்டார்கள். ஆறு, ஏரி, ஓடை மூன்றுக்கும் இதில் பங்கு போயிற்று. மத்தியப் பள்ளத்தாக்கு வட்டார நீர்த்தரக் கட்டுப்பாட்டு வாரியம் 2009 ஏப்ரலில் பிறப்பித்த ஆணையில் வண்டல், மனிதக் கழிவு, எண்ணெய் மூன்றும் இருந்தன.

இரண்டு கதைகளும் இங்கேதான் பிரிகின்றன. அந்த ஆணை யாருக்கு அனுப்பப்பட்டது என்று பாருங்கள். எல்டொராடோ கவுன்டி நிர்வாகத்துக்கும் எல்டொராடோ தேசியக் காட்டுக்கும். நம் ஊர்க் கணக்கில் கவுன்டி என்பது மாவட்ட நிர்வாகம் போன்றது. காட்டு நிலம் வனத்துறையுடையது, ஆனால் அதன் குறுக்கே போகும் பாதை தன்னுடையது என்று கவுன்டி பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தது. 1887-இல் கவுன்டி மேற்பார்வைக் குழு அதைப் பொதுச்சாலை என்று அறிவித்திருந்தது. அன்று அந்த மலையில் நீரூற்றுச் சுகவாச விடுதிகள் இருந்தன, குதிரை வண்டி போயிற்று. அந்த அறிவிப்புக்குப் பின்னால் 1866-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் ஒன்று நின்றது. ஒதுக்கப்படாத பொது நிலத்தின் குறுக்கே சாலை போட வழியுரிமை உண்டு என்ற ஒரு வரி அதில் இருந்தது. 1976-இல் நாடாளுமன்றம் அந்த வரியை நீக்கியது, ஆனால் அதற்குள் பிறந்துவிட்ட உரிமைகளைத் தொடவில்லை. எல்டொராடோ தேசியக் காடு அமைந்ததே 1910-இல்தான். காட்டுக்கு முன்பே சாலை வந்துவிட்டது என்பது கவுன்டியின் வாதம். சுரங்கத் தொழிலாளிக்கும் கோவேறு கழுதைக்கும் எழுதிய சட்டம் நூற்றுநாற்பது ஆண்டுக்கு மேல் கழித்து ஜீப்புக்குக் குடை பிடித்தது.

டெலிகோவில் அந்தக் குடைக்கு இடமே இல்லை. கிழக்கத்திய தேசியக் காடுகள் பெரும்பாலும் தனியாரிடமிருந்து அரசு விலைக்கு வாங்கிய நிலங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரக் கம்பெனிகள் அப்பலேச்சிய மலைகளை மொட்டையடித்தன. டெலிகோ பள்ளத்தாக்கிலும் ரயில் போட்டு மரம் இறக்கினார்கள். மொட்டை மலையிலிருந்து வெள்ளமும் சேறும் வந்தபின் 1911-இல் வீக்ஸ் சட்டம் இயற்றப்பட்டது. கப்பல் ஓடும் ஆறுகளின் தலைப்பகுதி நிலங்களை வாங்கிக் காடாக்கி நீரோட்டத்தைக் காப்பதற்கே அந்தச் சட்டம். நந்தஹாலா தேசியக் காடு 1920-இல் உருவாயிற்று. விலைக்கு வாங்கிய நிலத்தில் 1866 சட்டத்தின் வழியுரிமை பேசமுடியாது. அதைவிட முக்கியம், அங்கே அரசு நிலம் வாங்கிய காரணமே ஓடையில் சேறு கலக்காமல் இருக்கவேண்டும் என்பது. அந்தக் காட்டின் திட்டம், கண்ணுக்குத் தெரியும் வண்டல் ஓடையைச் சேரக்கூடாது என்று எழுதி வைத்திருந்தது. ஒரு மழைநாளில் கேமராவோடு ஓடைக்கரைக்குப் போனால் போதும், மீறல் கையும் களவுமாகச் சிக்கும்.

அப்படித்தான் சிக்கியது. 2007-இல் மீன்பிடிப்போர் அமைப்பான ட்ரௌட் அன்லிமிடெட்டும் அதன் வழக்கறிஞர்களான சதர்ன் என்விரான்மென்டல் லா சென்டரும் நீர்ச்சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுப்போம் என்று வனத்துறைக்கு எச்சரிக்கை அனுப்பின. வனத்துறை சில தடங்களை உடனே அடைத்தது, குளிர்காலத்தில் முழுதும் மூடியது, ஆய்வு தொடங்கியது. பகுதியை மட்டும் திறந்து வைக்கும் மாற்றுத் திட்டங்களும் மேசைக்கு வந்தன. கடைசியில் மொத்தமாக மூடுவதே தேர்வாயிற்று. தடங்களை உழுது, குறுக்கே வரப்புப் போட்டு, விதை தூவி, மரங்களைச் சாய்த்து அடைத்தார்கள். வண்டிக்காரர் சங்கங்கள் நீதிமன்றம் போயின. 2012-இல் நீதிமன்றம் வனத்துறையின் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

அதே 2012-இல் ரூபிகானில் நடந்தது வேறு. வனத்துறை தன் நிலத்தின் வழியே போகும் ரூபிகான் பாதைக்கு எல்டொராடோ கவுன்டிக்கு முறைப்படி வழியுரிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்தது. 1887 முதல் வாயால் சொல்லிக்கொண்டிருந்த உரிமை எழுத்தில் ஏறியது. பத்திரம் வந்ததும் கடமையும் கூடவே வந்தது.

இந்த இடத்தை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். நீர் வாரியத்தின் ஆணை கேட்டைச் சரிசெய் என்றது. தடத்தை மூடு என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், சரிசெய்யவேண்டிய ஆள் ஒருவர் தனியாகக் கையில் கிடைத்தார். கவுன்டி தன் சாலை என்று உரிமை கொண்டாடியது, அந்தச் சாலையால் அதன் ஊர்களுக்கு வருமானம் இருந்தது, சாலையை இழக்க அதற்கு மனமில்லை. அதன் கையில் மண்வெட்டியைக் கொடுத்து மேலே நின்று மேற்பார்க்க இன்னொரு அரசு அமைப்பு இருந்தது. டெலிகோவில் நிலம், தடம், கட்டண வசூல், பழுது, கண்காணிப்பு எல்லாம் ஒரே வனத்துறை. அதற்கு வெளியிலிருந்து வந்தது வழக்கு மிரட்டல் ஒன்றுதான். பராமரிப்புக்குப் பணம் இல்லாத ஒரு துறைக்கு, சட்டத்துக்கு உட்பட மிகச் செலவு குறைந்த வழி கதவைச் சாத்துவதுதான். கெட்ட எண்ணத்தால் இப்படி நடந்தது என்று நான் சொல்லவரவில்லை. எந்த அலுவலகத்திலும் இதே கணக்குதான் போடுவார்கள்.

பணத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. கலிபோர்னியாவில் 1971 முதலே சாலை விட்டு ஓடும் வண்டிகளுக்கெனத் தனிச் சட்டமும் பதிவும் உண்டு. பச்சை ஸ்டிக்கர் கட்டணம், அந்த வண்டிகள் செலவிடும் எரிபொருளின் வரியில் ஒரு பங்கு ஆகியவை தனி நிதியில் சேரும். அதிலிருந்து தடப் பராமரிப்புக்கும் காவலுக்கும் மானியம் போகும். ரூபிகான் வேலைகளுக்கு அந்தப் பணம் கைகொடுத்தது. டெலிகோவிலும் நுழைவுக்கு வனத்துறை கட்டணம் வாங்கியது. ஆனால் அந்த மழைக்கும் அந்தச் சரிவுக்கும் ஒரு வாயில் கட்டணம் எத்தனை தூரம் வரும்? தன்னார்வலர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். ரூபிகானில் 2001-இல் தொடங்கிய ரூபிகான் நண்பர்கள் குழு கல் சுமந்தது, குப்பை பொறுக்கியது, மலம் எடுத்துச் செல்லும் பைகளையும் எண்ணெய் உறிஞ்சும் பட்டைகளையும் வழியில் நின்று விநியோகித்தது. டெலிகோவிலும் தெற்கத்திய ஜீப் சங்கங்கள் வார இறுதிகளில் வேலை செய்தன. உழைப்பில் ஏற்றத்தாழ்வு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ரூபிகானில் போட்ட கல் அடுத்த ஆண்டும் இருந்தது. டெலிகோவில் கட்டிய வரப்பை அடுத்த மழை கரைத்தது.

ரூபிகான் இதற்குக் கொடுத்த விலையையும் பார்க்கவேண்டும். திறந்திருக்கிறது என்றால் பழையபடி இருக்கிறது என்று பொருளில்லை. 1953-இல் ஜார்ஜ்டவுன்காரரான மார்க் ஸ்மித் 55 ஜீப்புகளை அழைத்துக்கொண்டு முதல் ஜீப் திருவிழா நடத்தியபோது கேட்க ஆளில்லை. இன்று எல்லிஸ் ஓடையைப் பாலத்தின் மேல் கடக்கவேண்டும். முன்பு சக்கரம் நீரில் இறங்கும். மண் ஊறிக் கிடக்கும் காலத்தில் தடத்தை அடைக்கக் கவுன்டியிடம் திட்டம் இருக்கிறது. வண்டல் பிடிக்கும் குழிகள், கல் பாவிய இறக்கங்கள், அடைக்கப்பட்ட சுற்றுத்தடங்கள், கழிப்பறைகள். எல்லாவற்றையும் விட வண்டிக்காரர்களுக்கு வலித்தது லிட்டில் ஸ்லூஸ். தடத்தின் மிகப் பெயர் பெற்ற அந்தக் கல் இடுக்கில் கிடந்த பெருங்கற்களைக் கவுன்டி உடைத்துச் சிறிதாக்கியது. அங்கே வண்டிகள் கவிழ்ந்து எண்ணெய் கொட்டின, நெரிசலில் காத்திருக்கப் பொறுக்காதவர்கள் பக்கத்தில் தடம் போட்டார்கள் என்பது காரணம். தங்கள் கோயிலை இடித்துவிட்டதைப் போல் சிலர் கொதித்தார்கள். எனக்கு அவர்கள் மேல் இரக்கம் உண்டு, ஆனால் உடைத்தவர்கள் செய்தது சரி. பொது நிலத்தில் ஓடும் உரிமை வேண்டும், ஆனால் பாறையை நகர்த்தக்கூடாது என்று இரண்டையும் சேர்த்துக் கேட்கமுடியாது.

கலிபோர்னியாவில் எல்லோருக்கும் இந்தத் தயவு கிடைத்தது என்று யாரும் நினைக்கவேண்டாம். ரூபிகான் ஓடும் அதே எல்டொராடோ தேசியக் காட்டில் புல்வெளிகளின் குறுக்கே போன 42 தடங்கள் வழக்கில் சிக்கின. மலைப் புல்வெளி என்பது பனிநீரை வாங்கி மெதுவாக விடும் நிலம். அதன் நடுவே ஒரு சக்கரப் பள்ளம் விழுந்தால் நீர் அந்தப் பள்ளத்தோடு வடிந்து புல்வெளி காயும். வனத்துறை தன் காட்டுத் திட்டத்தின் நிபந்தனையைச் சரிபார்க்காமலே அந்தத் தடங்களை வரைபடத்தில் சேர்த்துவிட்டது என்று நீதிமன்றம் 2011-இல் சொன்னது. 2012-இல் 42-ம் மூடப்பட்டன. அவற்றுக்கு 1887 அறிவிப்பும் இல்லை, ஆண்டுத் திருவிழாவும் இல்லை, ஜீப் கம்பெனி தன் வண்டிக்கு வைத்துக்கொண்ட பெயரும் இல்லை. சொந்தக்காரர் இல்லாத தடம் மேற்கிலும் டெலிகோவின் கதியைத்தான் அடைந்தது.

மூடியபின் வண்டிகள் எங்கே போயின என்பது இரு தரப்பும் பேச விரும்பாத விஷயம். டெலிகோவுக்கு வந்தவர்கள் ஜீப்பை விற்றுவிட்டுத் தூண்டில் வாங்கவில்லை. ஒரு பகுதியினர் டென்னசியில் ஓக் ரிட்ஜுக்கு அருகே உள்ள விண்ட்ராக் போன்ற இடங்களுக்குப் போனார்கள். அது நிலக்கரி வெட்டிய மலைகளில் தனியார் நடத்தும் கட்டணப் பூங்கா. பல நூறு கிலோமீட்டர் தடம் இருக்கிறது. சிலர் வட கரோலைனாவின் நடுப்பகுதியில் உள்ள உவாரி தேசியக் காட்டுக்குப் போனார்கள். அங்கே டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் முடிய ஆண்டுதோறும் வாகனத் தடங்களை அடைத்து வைக்கிறார்கள். ஏற்கெனவே வெட்டிக் குதறிய சுரங்க நிலத்தில் ஜீப் ஓடுவது ட்ரௌட் ஓடையின் தலையில் ஓடுவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அப்படி ஒரு மாற்றிடத்தை யாரும் திட்டமிட்டுக் காட்டவில்லை, தானாக அமைந்தது. பொதுக் காட்டில் குறைந்த கட்டணத்தில் கிடைத்த ஒன்று தனியார் வாயிலுக்குப் பின்னால் போயிற்று என்ற வண்டிக்காரரின் குறை நியாயமானது. ஏழைத் தொழிலாளிகள் பழைய ஜீப்பைத் தாங்களே பிரித்துக் கட்டி ஓட்டும் ஊர்கள் அவை.

டெலிகோ என்ற பெயருக்கு அமெரிக்கச் சட்ட வரலாற்றில் இன்னோர் இடமும் உண்டு. ஆற்றின் கடைக்கோடியை மூழ்கடிக்கும் டெலிகோ அணையை, ஸ்நெயில் டார்ட்டர் என்ற மூன்று அங்குல மீனுக்காக உச்ச நீதிமன்றம் 1978-இல் நிறுத்தியது. மறு ஆண்டே நாடாளுமன்றம் விலக்குக் கொடுத்து அணையை நிரப்பியது. மின்சாரமும் நிலமும் பேசும் ஓர் அமைப்பு எதிரே நின்றால் மீனின் வெற்றி ஓராண்டுதான் நிற்கும். முப்பது ஆண்டு கழித்து அதே ஆற்றின் தலையில் ப்ரூக் ட்ரௌட் ஜெயித்து, ஜெயித்தது நிலைத்தும் விட்டது. எதிரே இருந்தவர்கள் ஜீப் சங்கங்கள்தான் என்பதும் அதற்கு ஒரு காரணம். சுற்றுச்சூழல் சட்டம் வலிமையானவரிடம் ஒரு மாதிரியும் எளியவரிடம் ஒரு மாதிரியும் நடக்கிறது என்று வண்டிக்காரர் புலம்பினால் என்னால் முழுதாக மறுக்கமுடியாது. அதனால் ஓடையில் இறங்கிய சேறு சேறு இல்லை என்றாகிவிடாது.

என் முடிவு இது. மேல் டெலிகோவின் ஓடையோரச் சரிவுத் தடங்களை மூடியதில் தவறில்லை; அந்த மண்ணும் அந்த மழையும் சேர்ந்த இடத்தில் எந்தப் பராமரிப்பும் அவற்றைக் காப்பாற்றியிருக்காது. ஆனால் 63 கிலோமீட்டரையும் ஒரே கையெழுத்தில் முடித்தது மண்ணுக்காக அல்ல, மண்வெட்டி எடுக்க வேறு ஆள் இல்லாததால். எல்டொராடோவின் 42 புல்வெளித் தடங்களைப் பின்னால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். சிலவற்றைத் திறந்தார்கள், சிலவற்றைப் பழுது பார்த்தபின் திறக்கலாம் என்றார்கள். டெலிகோவிலும் ஓடையை விட்டு விலகி மேட்டில் போன தடங்களைத் தனியே பிரித்து, ஒரு கவுன்டியையோ சங்கத்தையோ எழுத்துப்பூர்வமாகப் பொறுப்பாக்கி, குளிர்காலத்தில் அடைத்து, சில ஆண்டுகள் வைத்துப் பார்த்திருக்கவேண்டும். வனத்துறை அதைச் செய்யவில்லை.